ரெஸ்யூமே: எழுதத் தொடங்கும் முன்பே நடக்கும் பிழைகள்

ரெஸ்யூமே எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, கண்ணுக்கு அழகான வடிவம் ஒன்றை இணையத்தில் தேடி இறக்கிக்கொள்வதுதான். பிறகு அதிலுள்ள கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்புகிறார்கள்: பெயர், படிப்பு, திறமைகள், பொழுதுபோக்கு. கட்டம் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதியாகிவிடுகிறது. வேலை கொடுப்பவர் கேட்டதற்குப் பதில் எழுதினோமா என்ற எண்ணம் மட்டும் வருவதே இல்லை. எழுத்துப்பிழை, கோணல்மாணலான பத்திகள், மங்கலான புகைப்படம் என்று குறை சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் அழைப்பு வராமல் போவதற்கு இந்த முதல் பிழைதான் அதிகம் காரணமாகிறது என்பது என் எண்ணம். ஆகவே, வடிவமைப்பைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்கள் ரெஸ்யூமேயைப் படிப்பவர் அன்று அதைப் போல இன்னும் பலவற்றைப் பார்க்க வேண்டியவர். தி லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு இணையதளம், ஆளெடுப்பவர்களின் கண்ணசைவைக் கருவி கொண்டு பதிவுசெய்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு ரெஸ்யூமேயின் மீது முதல் பார்வை நின்ற நேரம் சுமார் 6 விநாடி. 2018இல் மறுபடி அளந்தபோது 7.4 விநாடி. இவை ஒரு நிறுவனம் தன் தொழிலுக்காகச் செய்த அளவீடுகள். விநாடிக் கணக்கை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிறு நேரத்தில் கண் எங்கே போனது என்பது கவனிக்கத்தக்கது: பெயர், இப்போதைய பதவி, அதற்கு முந்தைய பதவி, வேலையில் சேர்ந்த, விலகிய தேதிகள், படிப்பு. இவை தேடாமலே கண்ணில் பட வேண்டும். மற்றதெல்லாம் இரண்டாவது வாசிப்புக்கு, அப்படி ஒன்று கிடைத்தால்.

படி 1: விளம்பரத்தைப் படியுங்கள், பென்சிலோடு

வேலை விளம்பரத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லாமல் முடியாது என்று கேட்பவை, இருந்தால் நல்லது என்று கேட்பவை, எல்லா விளம்பரத்திலும் வரும் அலங்காரச் சொற்கள் என மூன்றாகப் பிரியுங்கள். பொறுப்புகளின் பட்டியலில் முதலில் வரும் மூன்று நான்கு வரிகள்தான் பொதுவாக வேலையின் உயிர். அவற்றைப் படித்துவிட்டு, இந்த நாற்காலியில் இருப்பவர் திங்கட்கிழமை காலை வந்தவுடன் என்ன செய்வார் என்று உங்களையே கேளுங்கள். பதில் தெரியவில்லையென்றால் இன்னும் எழுதத் தொடங்க வேண்டாம். அதே பதவிக்கு வேறு நிறுவனங்கள் கொடுத்த விளம்பரங்களையும் பாருங்கள்; இரண்டு மூன்று பார்த்ததும் படம் தெளிவாகும்.

கேட்பவருக்கு ஏற்ப எழுதுவது இன்றைய ஆலோசகர்கள் கண்டுபிடித்த உத்தி என்று நினைத்துவிட வேண்டாம். 1482 வாக்கில் லியோனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள், கவசம் பூட்டிய வண்டிகள் என்று எண் போட்டு வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். தமக்கு ஓவியமும் வரும் என்பது கடைசியில்தான் வருகிறது. போரைப் பற்றிக் கவலைப்பட்ட ஒருவருக்கு ஓவியத் திறமையை முதல் வரியில் சொல்லி என்ன பயன்?

விளம்பரத்தில் உள்ள சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள். அவர்கள் ‘வாடிக்கையாளர் சேவை’ என்று எழுதியிருக்க, நீங்கள் அதே வேலையை ‘பயனர் உறவு மேலாண்மை’ என்று எழுதினால் மனிதரும் தவறவிடுவார், மென்பொருளும் தவறவிடும்.

கேட்டதில் ஒன்றிரண்டு உங்களிடம் இல்லையா? முக்கியப் பொறுப்புகள் பொருந்தினால் விண்ணப்பியுங்கள். ஆனால் உரிமம், பதிவு, சட்டப்படி வேண்டிய சான்றிதழ் போன்றவை இல்லையென்றால் சாமர்த்தியமான வாசகங்கள் எதுவும் உதவாது.

படி 2: யாருக்கும் அனுப்பாத ஒரு கோப்பு

அடுத்து, உங்களுக்காக மட்டும் ஒரு நீளமான கோப்பைத் தொடங்குங்கள். செய்த வேலைகள், சேர்ந்த மாதம், விலகிய மாதம், கையாண்ட கருவிகள், மென்பொருள்கள், எத்தனை பேருடன் வேலை செய்தீர்கள், எதைச் சரிசெய்தீர்கள், யார் பாராட்டினார்கள் என எல்லாம் அதில் போகட்டும். நடையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இதிலிருந்து எடுத்துத்தான் ரெஸ்யூமே செய்யப் போகிறீர்கள். இந்தக் கோப்பு இல்லாதவர்கள்தான் ஒரே ரெஸ்யூமேயை நூறு இடங்களுக்கு அனுப்பிவிட்டு, எங்கிருந்தும் பதில் இல்லையே என்கிறார்கள்.

படித்து முடித்து இப்போதுதான் வெளியே வருபவர்கள் இந்த இடத்தில் ‘அனுபவம் இல்லை’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். இறுதியாண்டு புராஜெக்ட், பயிற்சிக் காலம், பகுதிநேர வேலை, குடும்பத் தொழிலில் பார்த்த கணக்கு, தன்னார்வப் பணி, சொந்த ஆர்வத்தில் உருவாக்கிய ஒரு சிறு செயலி, நண்பருக்காக மொழிபெயர்த்த ஆவணம், எல்லாம் அனுபவம்தான். சம்பளம் வாங்கினீர்களா என்பதைவிட, என்ன செய்தீர்கள், அதனால் என்ன நடந்தது என்பதே படிப்பவருக்கு வேண்டியது.

படி 3: அனுபவத்தை எழுதும் வரிகள்

இங்கேதான் நிதானம் வேண்டும். இதில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தால், வடிவமைப்பில் ஒரு நாள் செலவழிப்பதைவிடப் பலன் அதிகம்.

ஒரு வரியைப் பாருங்கள்: ‘விற்பனைப் பிரிவில் பணியாற்றினேன், பல்வேறு பொறுப்புகளைக் கவனித்துக்கொண்டேன்.’ இதைப் படித்த பிறகும் அவர் அங்கே என்ன செய்தார் என்று தெரியவில்லை. அதே ஆளிடம் நான்கு கேள்வி கேட்டு எழுத வைத்தால் இப்படி வரும்: ‘மூன்று கிளைகளின் அன்றாட விற்பனைக் கணக்கை எக்செலில் தொகுத்து மாத அறிக்கை தயாரித்தேன். புதிய படிவம் ஒன்றை உருவாக்கியதால் நான்கு நாள் எடுத்த வேலை ஒரே நாளில் முடிந்தது.’ வேலை ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் செயல் இருக்கிறது, அளவு இருக்கிறது, விளைவு இருக்கிறது.

அந்த நான்கு கேள்விகள் இவை. சரியாக என்ன செய்தீர்கள்? எவ்வளவு, எத்தனை முறை, எத்தனை பேருக்கு? எதைக் கொண்டு? செய்ததால் என்ன மாறியது? எல்லா வரியிலும் நான்குக்கும் பதில் இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டு கேள்விக்காவது பதில் இருக்கட்டும். மாணவருக்கும் இது பொருந்தும். ‘கல்லூரி விழா ஒருங்கிணைப்பாளர்’ என்று பட்டத்தை மட்டும் எழுதுவதற்குப் பதிலாக, ‘400 பேர் கலந்துகொண்ட இரண்டு நாள் விழாவில், ஐந்து பேர் கொண்ட குழுவுடன் பதிவுப் பணியை நடத்தினேன்’ என்று எழுதலாம்.

எண்கள் கிடைக்காத வேலைகளும் உண்டு. முதியோரைப் பராமரித்தவர், வரவேற்பில் அமர்ந்தவர், குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர் எந்தச் சதவீதத்தை எழுதுவார்? அவர் வேலையின் தன்மையை எழுதலாம்: இரவுப் பணியில் தனியாக இருந்தது, கோபத்தோடு வருபவர்களிடம் முதலில் பேசியது, பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கென்று தனிப் பாடத்திட்டம் வைத்தது. இதுவும் உறுதியான தகவல்தான். அதை விட்டுவிட்டு ‘விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினேன்’ என்று கையில் வந்த எண்ணைப் போட்டால், நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். எதிலிருந்து எதற்கு உயர்ந்தது? அதில் உங்கள் பங்கு எவ்வளவு? கணக்கைச் சொல்ல முடியாத எண்ணைத் தொடாதீர்கள்.

குழு செய்ததைத் தனி ஆளாகச் செய்ததுபோல எழுதுவதும், தான் செய்ததைக் குழுவின் பின்னால் ஒளித்துக்கொள்வதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் இரண்டாவது அதிகம். ‘எட்டுப் பேர் குழுவில் சோதனைப் பகுதியை நான் பார்த்துக்கொண்டேன்’ என்று எழுதினால் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை.

அடுத்து, குணச்சொற்கள். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், குழுவோடு இணைந்து பணியாற்றுபவர், புதியதைக் கற்கும் ஆர்வம் உள்ளவர். ஒரு சொல்லை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவுசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு: இதற்கு நேர் எதிரானதை யாராவது தன் ரெஸ்யூமேயில் எழுதுவார்களா? ‘நான் சோம்பேறி, தாமதமாக வருவேன்’ என்று எழுத ஆள் இல்லை. அப்படியானால் ‘கடின உழைப்பாளி’ என்பதும் உங்களை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டவில்லை. அடித்துவிடுங்கள். ஃபோட்டோஷாப்புக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம், ஆங்கிலத்துக்கு 80 சதவீதம் என்று நீலப் பட்டை வரைவதும் இதே வகைதான். எதில் 80 சதவீதம் என்று வரைந்தவருக்கே தெரியாது. அந்தக் கருவியில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் எழுதச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. பிழை திருத்த, நீண்ட வாக்கியத்தைச் சுருக்க, அவை உதவும். ஆனால் தொடக்கத்திலிருந்து எழுதச் சொன்னால் எல்லாருக்கும் ஒரே வழுவழுப்பான நடைதான் வரும். பல விண்ணப்பங்களை ஒன்றாகப் படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். அதைவிட மோசம், நீங்கள் செய்யாத சாதனை ஒன்றை அது தாராளமாகச் சேர்த்துவிடக்கூடும். வரிக்கு வரி சரிபாருங்கள்.

படி 4: வரிசையும் நீளமும்

அண்மையில் செய்த வேலை மேலே, பழையது கீழே. படிப்பவர் இதைத்தான் எதிர்பார்க்கிறார். தேதிகளை விட்டுவிட்டுத் திறமைகளின் அடிப்படையில் மட்டும் தொகுக்கும் முறை ஒன்று இருக்கிறது. எதையோ மறைக்கிறார் என்ற ஐயத்தைத்தான் பெரும்பாலும் அது கிளப்பும்.

இடைவெளி இருந்தால் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். ‘குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க, 2022 மார்ச் முதல் 2023 ஜூன் வரை’ என்றால் போதும்; நோயின் பெயர் வரை போக வேண்டியதில்லை. மாதத்தை மறைத்து ஆண்டை மட்டும் எழுதும் தந்திரம் ஆளெடுப்பவர்களுக்குப் பழகிப்போனது.

புதியவருக்கு ஒரு பக்கம். பல ஆண்டு அனுபவம் இருந்தால் இரண்டு. ஆய்வு, கல்வித்துறைப் பணிகளுக்கான சி.வி. மட்டும் வேறு வகை. கட்டுரைப் பட்டியலோடு அது நீளலாம். இடம் போதவில்லை என்று எழுத்தை 8 புள்ளிக்குச் சுருக்க வேண்டாம். 10 முதல் 12 வரை வைத்துக்கொண்டு வரிகளைக் குறையுங்கள். பக்கத்தின் உச்சியில் ‘சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்ற குறிக்கோள் வாசகம் இருந்தால் முதலில் போக வேண்டியது அதுதான். நிறுவனம் தேடுவது அதன் வேலையைச் செய்ய ஓர் ஆளை. அந்த இடத்தில் நீங்கள் யார், எதில் அனுபவம், இந்த வேலைக்குப் பொருந்தும் ஒரு சான்று என இரண்டு மூன்று வரி எழுதுங்கள்.

மதம், திருமண நிலை, உயரம், எடை, பெற்றோரின் தொழில் ஆகியவற்றை விளம்பரமோ சட்டமோ கேட்டாலன்றி எழுத வேண்டாம். புகைப்படம் நாட்டுக்கு நாடு வேறுபடும்: அமெரிக்கா, பிரிட்டன், கனடாவில் வைப்பதில்லை, ஜெர்மனியில் இன்றும் பலர் வைக்கிறார்கள். தனிப்பட்ட விவரம் எவ்வளவு தூரம் முடிவைப் பாதிக்கும் என்பதற்கு மேரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004இல் வெளியிட்ட ஆய்வு சான்று. பாஸ்டன், சிகாகோ நகர விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். வெள்ளையினப் பெயராக ஒலித்தவற்றுக்குக் கறுப்பினப் பெயராக ஒலித்தவற்றைவிட சுமார் 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. பெயரை நீக்க முடியாது. முன்முடிவுக்குத் தீனி போடும் மற்ற விவரங்களை நாமாகவே எடுத்துக் கொடுக்க வேண்டாமே.

அடையாள அட்டை எண், பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு விவரம் எதுவும் ரெஸ்யூமேயில் வரக்கூடாது. போலி வேலை விளம்பரங்கள் இவற்றைத் திரட்டத்தான் போடப்படுகின்றன. தொடர்புக்குத் தொலைபேசி எண், மின்னஞ்சல், வசிக்கும் ஊர் போதும். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். பள்ளிக் காலத்தில் விளையாட்டாக வைத்த பெயரை நண்பர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: மென்பொருளின் கண்ணில்

பெரிய நிறுவனங்கள் விண்ணப்பங்களை ஏடிஎஸ் எனப்படும் மென்பொருளில் சேமிக்கின்றன. அது ரெஸ்யூமேயிலுள்ள எழுத்தை உருவி, பெயர், பதவி, தேதி என்று தன் கட்டங்களில் போட்டுக்கொள்ளும். இடம், வலம் என இரண்டு பத்திகளாகப் பிரித்த பக்கம், அட்டவணை, உரைப்பெட்டி, பக்கத் தலைப்புப் பகுதியில் வைத்த தொலைபேசி எண் ஆகிய இடங்களில் அது குழம்பலாம். ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால், அதற்கு வெற்றுத்தாள் போலவே தோன்றக்கூடும்.

சோதிப்பது எளிது. உங்கள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேட் போன்ற வெற்றுக் கோப்பில் ஒட்டுங்கள். வரிசை கலைந்திருந்தாலோ, ஏதாவது காணாமல் போயிருந்தாலோ மென்பொருளுக்கும் ஏறத்தாழ அப்படித்தான் தெரியும். தமிழில் எழுதிய ரெஸ்யூமேக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்: பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டியது ஒட்டும்போது பொருளற்ற ரோமன் எழுத்துகளாகச் சிதறும்.

இந்த மென்பொருளைப் பற்றிப் பூதம் போலப் பேசுவார்கள். பெரும்பாலும் அது தேடவும் வரிசைப்படுத்தவும் பயன்படும் ஓர் அலமாரிதான். தானாக நிராகரிப்பது பல இடங்களில் விண்ணப்பப் படிவத்திலுள்ள ஆம், இல்லை கேள்விகளால் நடக்கிறது: இங்கே வேலை செய்ய அனுமதி உண்டா, உரிமம் உண்டா என்பன போல. அவற்றை அவசரத்தில் தட்டிவிடாதீர்கள். விளம்பரத்தின் சொற்களையெல்லாம் வெள்ளை எழுத்தில் மறைத்து வைக்கும் வித்தையைச் சிலர் சொல்லித்தருகிறார்கள். மேலே சொன்ன நகலெடுக்கும் சோதனையிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

படி 6: மிகைப்படுத்தும் ஆசை

யாஹூ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக 2012 ஜனவரியில் பொறுப்பேற்ற ஸ்காட் தாம்சன் அதே ஆண்டு மே மாதம் வெளியேறினார். அவர் பெற்றது கணக்கியல் பட்டம். அவரைப் பற்றிய குறிப்பில் கணினி அறிவியலும் சேர்ந்திருந்தது. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கைப் பிரிவின் தலைவராக இருந்த மேரிலி ஜோன்ஸ் 2007இல் பதவி விலகினார். இல்லாத பட்டங்களைக் காட்டியே வேலையில் சேர்ந்திருந்தார். அது வெளியே வந்தபோது அங்கே 28 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நம்மில் பலர் போலிப் பட்டம் எழுதப் போவதில்லை. ஆறு மாத வேலையை ஒரு வருடமாக நீட்டுவது, ‘உதவியாளர்’ என்பதை ‘மேலாளர்’ ஆக்குவது, இரண்டு காணொளி பார்த்த மென்பொருளைத் திறமைப் பட்டியலில் சேர்ப்பது, இவைதான் நடக்கின்றன. ஒவ்வொரு வரியின் மீதும் விரலை வைத்து, இதைப் பற்றி இரண்டு நிமிடம் தடங்கலில்லாமல் பேச முடியுமா என்று பாருங்கள். முடியாதது வெளியே போகட்டும்.

படி 7: பிழை பார்த்து அனுப்புதல்

எழுதிய அன்றே அனுப்ப வேண்டாம். மறுநாள் அச்செடுத்து, கீழிருந்து மேலாகப் படியுங்கள். பொருளின் ஓட்டத்தில் கண் தாவிப் போகாமல் இருக்க இது உதவும். பிழைதிருத்தியை மட்டும் நம்ப முடியாது. ‘பணி அனுபவம் 2 ஆண்டுகள்’ என்பது ‘பனி அனுபவம்’ ஆனால், இரண்டும் சரியான சொல்லே என்று அது பேசாமல் இருந்துவிடும். பிறகு இன்னொருவரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார். அரை நிமிடம் காட்டிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு, நான் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறேன், என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் எந்த வரியை மேலே கொண்டுவர வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

தாளில் உள்ள தொலைபேசி எண்ணைப் பார்த்து அழைத்துப் பாருங்கள். உங்கள் போன் ஒலிக்க வேண்டும். இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். லிங்க்ட்இன் பக்கத்திலுள்ள தேதிகளும் ரெஸ்யூமேயிலுள்ள தேதிகளும் ஒத்துப்போகின்றனவா? போன வாரம் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் இந்தக் கடிதத்தில் எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லையே? எல்லாப் பிழைகளிலும் கூச்சம் தருவது இதுதான், மன்னிக்கப்படாததும் இதுதான்.

வேறு எதுவும் கேட்காவிட்டால் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். வேர்ட் கோப்பு கேட்டால் அதையே அனுப்புங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். ‘ரெஸ்யூமே இறுதி புதியது 3’ என்ற கோப்பை மறுமுனையில் யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். மின்னஞ்சலின் பொருள் வரியில் பதவியின் பெயரும், கொடுத்திருந்தால் விளம்பர எண்ணும். உள்ளே நான்கைந்து வரி: எந்த வேலை, ஏன் பொருந்துவீர்கள், எப்போது சேரலாம். இணைப்பைச் சேர்த்தபின் அனுப்புங்கள்.

அனுப்பிய ரெஸ்யூமேயையும் அந்த விளம்பரத்தையும் ஒரே உறையில் சேமித்து வையுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் விளம்பரம் இணையத்திலிருந்து காணாமல் போய்விடும். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது என்ன எழுதினோம், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று இரண்டும் கையில் இல்லாமல் திணற நேரும். இந்தச் சேமிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. பொருத்தமான பல இடங்களுக்கு அனுப்பியும் ஒரு அழைப்புகூட வரவில்லையென்றால் கோளாறு ரெஸ்யூமேயிலோ தேர்ந்தெடுத்த வேலைகளிலோ இருக்கிறது. விளம்பரத்தையும் ரெஸ்யூமேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் படியிலிருந்து மீண்டும் பாருங்கள். அழைப்புகள் வந்து, நேர்காணலோடு நின்றுபோகின்றன என்றால் ரெஸ்யூமேயில் கை வைக்காதீர்கள். அடுத்துப் பயிற்சி எடுக்க வேண்டியது நேர்காணலுக்கு.